துண்டுச்சீட்டும் ஆண்டறிக்கையும்

1844 ஆம் ஆண்டில் இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும், பெருந்தோட்டங்களில் அது கடன் என்னும் வடிவில் மீண்டும் தலைதூக்கிற்று. தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளரைத் திரட்டிவரத் தோட்ட நிருவாகம் கங்காணிக்கு முற்பணம் வழங்கிற்று. கங்காணியோ வழிச்செலவு முதலியவற்றைத் தொழிலாளர் பெயரிற் கடனாக எழுதினான். அக்கடனைச் செலுத்தினால் அவர்களை விடுவிப்பதாகத் துரை எழுதிக்கொடுத்த சீட்டே 'துண்டு' எனப்பட்டது. வேறொரு தோட்டம் கடனைச் செலுத்தித் தொழிலாளரைப் பெற்றுக்கொண்டது. கடனும் அவர்களோடு சென்றது. துரை கங்காணியைச் சுட்டலாம், கங்காணி கணக்கேட்டைச் சுட்டலாம், பொறுப்பாளி எவருமிலர். 1921 ஆம் ஆண்டுச் சட்டமே துண்டு முறையை ஒழித்தது.

பிரித்தானியாவின் 2015 ஆம் ஆண்டு நவீன அடிமைமுறைச் சட்டம் இவ்விடைவெளியையே நோக்குகின்றது. ஆண்டு வருவாய் 3 கோடியே 60 இலட்சம் பவுணை எட்டிய நிறுவனங்கள், சட்ட, கணக்காய்வு நிறுவனங்கள் உட்பட, தம்மிடத்தும் தமது வழங்குநரிடத்தும் அடிமைமுறையைத் தடுக்க எடுத்த நடவடிக்கைகளை ஆண்டுதோறும் அறிவித்தல் வேண்டும். ஆயின், எந்நடவடிக்கையும் எடுக்கவில்லை என அறிவிப்பதற்கும் அச்சட்டம் இடமளிக்கின்றது.

அலுவலகத்துக்குத் துப்புரவுத் தொழிலாளரை அனுப்பும் ஒப்பந்தகாரர் இன்றைய கங்காணியாகலாம். அவர்தம் பெயரை அறிக்கையிற் குறிப்பதால் மட்டும் பயனில்லை. வேலைக்கு வந்த செலவு யார் தலையிற் கடனாக ஏற்றப்பட்டது என்பதே வினவப்பட வேண்டியது. அதனைத் தொழில்தருநர் ஏற்காதவரை, துண்டு வேறொரு பெயரில் வாழும்.