கனவும் வண்ணமும்: கீழைக்கரைச் சிறார் ஓவியங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மனிதன் தன் அகத்தெழும் கனவுகளையும் அச்சங்களையும் சொல்லால் மட்டுமன்றி வண்ணத்தாலும் வெளியிட்டு வந்துள்ளான். ஐரோப்பாவிலே கனவு பற்றிய பிராய்டின் நூல் 1899ஆம் ஆண்டின் இறுதியிலும், அந்திரே பிரெத்தோனின் சர்ரியலிச அறிக்கை 1924ஆம் ஆண்டிலும் வெளிவந்தபின் இப்போக்கு ஓர் இயக்கமாகவே வளர்ச்சியுற்றது. இலங்கையில், கண்டதைக் கண்டவாறே தீட்டும் மரபினின்றும் விலகியோர் கொழும்பில் 1943ஆம் ஆண்டு தோன்றிய '43 குழுவினர்' ஆவர். யாழ்ப்பாணத்தில் அ. மாற்கு (1933-2000) நவீன ஓவியத்தை மாணவரிடையே வேரூன்றச் செய்தார்.

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது முதலிய முஸ்லிம் ஊர்களிலோ அகவுணர்வு பெரிதும் வாய்மொழிக் கவிகளிலேயே ஒலித்தது. வண்ணம் பற்றிய உணர்வு பன்பாயிலும் மருதமுனைக் கைத்தறியிலும் புலப்பட்டது. உருவந்தீட்டாத கைகளுக்கும் வண்ணம் அந்நியமன்று என்பது இதனாற் பெறப்படும்.

1990ஆம் ஆண்டின் படுகொலைகள் கிழக்கிலே தமிழரையும் முஸ்லிம்களையும் ஒருவரையொருவர் அஞ்சி வாழச் செய்தன. இந்நிலையிலேயே 1996ஆம் ஆண்டு மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா உருவாயிற்று. கனேடிய ஓவியர் போல் ஹோகனும் இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் இதன் தோற்றத்திற் பெரும் பங்காற்றினர். இரு சமூகச் சிறுவரும் அங்கு ஒன்றுகூடி ஓவியந் தீட்டினர், களிமண்ணில் உருச் செய்தனர், கதை புனைந்தனர். மருத்துவமனை போலன்றி விளையாட்டுக் களமாக அது அமைந்தமை ஈண்டு நோக்கத்தக்கது. வினாவிற்கு விடைகூற அஞ்சும் குழந்தை, வண்ணத்தின் முன் அஞ்சுவதில்லை.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோரைக் காவு கொண்டது. அதன்பின் கிழக்குக் கரையின் முகாம்களிலே சிறுவர்க்குத் தாளும் வண்ணமும் வழங்கப்பட்டன. அன்றுவரை மீனும் தோணியும் தந்த கடல், அவர்தம் கனவில் வேறொன்றாகியிருந்தது.

இத்தகைய ஓவியங்கள் துயராற்றும் கருவிகள் மட்டுமல்ல, வரலாற்றுச் சான்றுகளுமாகும். நாசிகளின் தெரேசின் முகாமில் பிரீடில் டிக்கர்-பிராண்டைஸ் என்னும் ஓவியை சிறுவருக்கு ஓவியங் கற்பித்தார். 1944ஆம் ஆண்டு அவர் கொல்லப்பட்டார்; ஆயினும் ஏறத்தாழ 4,500 சித்திரங்கள் பிராக் நகர அரும்பொருளகத்தில் இன்றும் உள்ளன. அவற்றுட் பலவற்றில் வரைந்த குழந்தையின் பெயரும் உண்டு. அப்பெயர்களே இலக்கங்களாகிவிட்ட மாந்தரை மீண்டும் மனிதராக்குகின்றன.

கீழைக்கரையின் வரலாற்றை எழுத முற்படுவோர் ஆவணங்களோடு இச்சித்திரங்களையும் தேடிப் பெயருடனும் ஆண்டுடனும் பேணுதல் வேண்டும். பெரியோர் எழுதாது விட்டவற்றைச் சிறுவர் வரைந்து வைத்திருத்தல் கூடும்.