அதிர்தகடும் மிருதங்கச் சோறும்

ஈப்போவையடுத்துக் கிந்தா ஆற்றின் அருகே அமைந்த சிற்றூர் தஞ்சோங் ரம்புத்தான். அப்பெயரைக் கேட்டமாத்திரத்தில் 1911ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மனநல மருத்துவமனையே பலருக்கும் நினைவில் எழும். ஆயின் அவ்வட்டாரத்தைச் சூழ்ந்திருந்த பால்மரக் காடுகளில் விடியுமுன் எழுந்து உளி பிடித்த தமிழரின் வரலாறும் அவ்வூருக்கு உண்டு. பிரேசிலிலிருந்து விக்காம் என்பார் 1876இல் கொணர்ந்த விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1877இல் சிங்கப்பூருக்கும் பேராக்கின் கோலகங்சாருக்கும் கன்றுகளாக வந்த கதையை மாணவர் அறிவர். அவ்விரப்பர் கடல் கடந்து சென்று பற்பல வடிவெடுத்தது. கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூடேற்றினால் இரப்பர் கருமரம்போல் இறுகும். அதற்கு எபோனைட்டு என்பது பெயர். பழைய தொலைபேசியில் காதோடு பொருத்திக் கேட்கும் கருநிறக் குமிழும், வானொலியின் தொடக்க நாளில் செவியில் அணிந்த ஒலிக்கருவியின் மூடியும் அப்பொருளால் ஆனவையே.

மூடி ஒருபுறம் இருக்கட்டும். அதனுள் இருந்த தகட்டின் கதைதான் ஈண்டு ஆராயத்தக்கது.

கிரகாம் பெல் 1876இல் காப்புரிமை பெற்ற தொலைபேசி வழியே வளர்ந்த செவிக்கருவியில், காந்தம் ஒன்று மெல்லிய இரும்புத் தகட்டை இழுத்தும் தளர்த்தியும் ஒலி எழுப்பிற்று. இவ்வமைப்பில் இரண்டு குறைகள் இருந்தன. காந்தத்தின் இழுவிசை காந்தப்பாயத்தின் இருபடிக்கு ஏற்ப வளர்வது. ஆதலின் மின்னோட்டம் எப்பக்கம் பாயினும் தகடு உள்நோக்கியே இழுபடும். நிலைக்காந்தம் ஒன்றை உடன் வைக்காவிடின், நொடிக்கு 300 அதிர்வுள்ள ஒலி 600 அதிர்வாகவே கேட்கும். நிலைக்காந்தம் வைத்தபின்னும் அக்குறையில் ஒரு பங்கு எஞ்சியே நின்றது. மற்றொன்று தகட்டின் இயல்பு. விளிம்பில் இறுகப் பிடிக்கப்பெற்ற அத்தகடு ஏறத்தாழ 1000 அதிர்வெண்ணை ஒட்டித் தானே துள்ளும். பேச்சு விளங்கும், பாடல் தகரம்போல் ஒலிக்கும்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தவரான நதானியேல் பால்டுவின் என்பார் 1910இல் தம் வீட்டுச் சமையலறையில் செய்த கருவியை அந்நாட்டுக் கடற்படைக்கு அனுப்பினார். காந்த முனைகளின் நடுவே சிறு இரும்புத் துண்டைச் சமனாக நிறுத்தி, அதன் அசைவை அப்பிரகத் தகட்டுக்கு ஊட்டினார். இருபுற இழுப்பும் ஒன்றையொன்று ஈடுசெய்தமையால் முதற்குறை பெரிதும் தணிந்தது. பின்னர் இரும்பையே நீக்கி, இலேசான கம்பிச்சுருளைத் தகட்டில் ஒட்டிக் காந்த இடைவெளியில் ஆடவிடும் முறை வந்தது. 1874இலேயே சீமன்சு காப்புரிமை பெற்ற இக்கருத்தை 1925இல் இரைசும் கெல்லாக்கும் ஒலிபெருக்கியில் நிலைநாட்டினர். 1937இல் செருமானிய பேயர் நிறுவனம் செவிக்கருவியில் அமைத்தது. சுருள் சீரான காந்தப்புலத்தின் எல்லைக்குள் ஆடும்வரை ஒலி சிதையாது.

இரண்டாங்குறை அத்துணை எளிதில் நீங்கவில்லை. உயர்ந்த அதிர்வெண்களில் தகடு ஒருமித்து அசையாது. நடு ஒருபுறமும் ஓரம் மறுபுறமுமாகப் பகுதி பகுதியாய்ப் பிரிந்து ஆடும். மூலத்தில் இல்லாத ஏற்றத்தாழ்வு கேட்கும் ஒலியில் நுழைந்துவிடும். மென்தோல் ஆயினும் நெகிழித் தாளாயினும் வட்டமான பரப்பின் பிறவிக்குணம் அது. இழுத்துக் கட்டிய வெறுந்தோலின் மேலதிர்வுகள் அடிப்படை அதிர்வைப்போல் 2, 3, 4 மடங்காக அமைவதில்லை, 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கின்றியே எழும். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் நெருப்பில் காய்ச்சி முழக்கிய தப்புக்கு உரம் தந்தது அவ்வொழுங்கின்மையே. தப்பிற்கு அது குறையன்று. பாட்டோடு இழையவேண்டிய கருவிக்கு அது பொருந்தாது.

அவ்விடத்தில்தான் மிருதங்கம் குறுக்கிடுகிறது. வலந்தலையின் நடுவே கருநிறத்தில் அப்பியிருக்கும் சோற்றை அழகிற்கு இட்ட பொட்டு என்று கருதும் மாணவர் உளர். திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சர் சி. வி. இராமன் அதனை வேறுவிதமாக நோக்கினார். கல்கத்தாவில் பேராசிரியராயிருந்தபோது, 1920இல் சிவகாளி குமார் என்பாருடன் இணைந்து 'நேச்சர்' இதழில் சிறு கட்டுரை ஒன்று வெளியிட்டார். 1934இல் இந்திய முழவுகளைப் பற்றி விரிவாக எழுதினார். தோலின்மேல் நுண்மணலைத் தூவி, அசையாக் கோடுகளில் மணல் ஒதுங்குவதைக் கண்டு, ஒன்பது வகை அதிர்வுகளைப் பிரித்தறிந்தார். அவ்வொன்பதும் ஐந்து சுரங்களாகக் கூடின. அவை 1, 2, 3, 4, 5 என்னும் ஒழுங்கில் நின்றன. நடுவில் ஏற்றிய பாரம் ஒவ்வோர் அதிர்வையும் வேண்டிய அளவு தாழ்த்திற்று. விளிம்பிலுள்ள வளையத்தோல் மிகையான உயர் அதிர்வுகளை அடக்கிற்று. யாழும் வீணையும் நரம்பால் பெறும் இசையொழுங்கைத் தோலால் பெற்ற கருவி மிருதங்கம்.

முழவின் முகத்தில் மண் அப்பும் வழக்கம் சங்கப் பாடல்களிலேயே குறிக்கப்பெற்றுள்ளது. இதனைக் காட்டி, செவிக்கருவியின் நுட்பமெல்லாம் நம் முன்னோர் அறிந்ததே என மேடையில் முழங்குவோர் உளர். அது பொருந்தாக் கூற்று. மிருதங்கம் தானே பாடுவது. அதன் அதிர்வுகள் இசையாக வேண்டும். செவிக்கருவியோ பிறர் பாடியதைக் கூட்டாமல் குறைக்காமல் ஒப்பிக்க வேண்டுவது. அதற்கெனத் தனிக்குரல் இருத்தலாகாது. முன்னது அதிர்வை ஒழுங்குபடுத்துகிறது, பின்னது ஒடுக்குகிறது. ஆயினும் இருவர் கையிலும் இருந்த சிக்கல் ஒன்றே. வட்டத்தோலின் எப்பகுதியில் எத்துணைப் பாரம், எத்துணை விறைப்பு வேண்டும் என்பதே அது. 2009இல் செருமனியின் சென்கைசர் நிறுவனம் தன் எச்டி 800 கருவியில், 56 மில்லிமீட்டர் தகட்டின் நடுப்பகுதியையே விலக்கி வளையமாக அமைத்தது. மிருதங்கம் செய்வோர் நடுவில் பாரத்தை ஏற்றினர். இப்பொறியாளர் நடுவையே எடுத்துவிட்டனர்.

சமன்பாடு அறியாமலே அப்பாரத்தை அளந்தவர் யார்? கிட்டக்கல்லைப் பொடித்துச் சோற்றுடன் பிசைந்து, சிறிது சிறிதாக இட்டு, தேய்த்து, தட்டிக் கேட்டு, மீண்டும் இட்ட கைவினைஞர் அவர். அவர்க்குக் காதே ஆய்வுக்கூடம். இராமனின் ஆய்வு உலகெங்கும் பேசப்பெற்றது. தோலைப் பதப்படுத்தும் தொழிலைத் தாழ்வெனக் கருதிய சமுதாயமோ, மேடையில் மிருதங்கத்தைப் போற்றி, செய்தவரை வாயிலிலேயே நிறுத்திற்று. பாலக்காடு மணி ஐயரின் நாதத்தைப் புகழ்ந்தோர் பலர். அவருக்கு மிருதங்கம் ஆக்கித்தந்த தஞ்சாவூர்ப் பர்லாந்தை அறிந்தோர் சிலரே. பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்னும் ஆங்கில நூலில்தான் பர்லாந்தும் அவர் குடும்பத்தாரும் பிற கைவினைஞரும் பெயரோடு இடம்பெற்றனர். இராமனும் குமாரும் கட்டுரை எழுதி அப்போது சரியாக நூறாண்டு ஆகியிருந்தது.