திராட்சை நாட்டிலிருந்து தென்னமரம் வரை

பிரான்சு நாட்டில் பழம்பெரும் திராட்சைத் தோட்டங்கள் பல உண்டு. அவற்றின் மதுவைப் புட்டியில் அடைக்கும்போது, தோட்டத்தின் பெயரையும் பழம் பறித்த ஆண்டையும் அதன்மேல் அச்சிடுவார்கள். வெயிலும் மழையும் அளவாக அமைந்த ஆண்டின் புட்டிக்கு விலை அதிகம். மதுவைப் புகழ்வது இன்றைய பேச்சின் நோக்கமன்று. அந்தத் திராட்சை மண்ணுக்கும் நமது வட சிலாங்கூர்த் தோட்டங்களுக்கும் ஓர் உறவு உண்டு. அதைத்தான் இன்று காணப்போகிறோம்.

பிரான்சின் மேற்கே பார்பெசியே என்று ஒரு சிற்றூர். திராட்சை மதுவைக் காய்ச்சி வடிக்கும் கொன்யாக் தொழிலுக்குப் பெயர்பெற்ற வட்டாரம் அது. அத்தொழில் செய்த குடும்பத்தில் 1879-இல் பிறந்தவர் ஆன்றி ஃபொக்கோன்யே. 1905-இல் அவர் கீழ்த்திசைக்குக் கப்பலேறினார். கிள்ளான் பக்கம் தோட்ட வேலை பழகியபின், சிலாங்கூர் ஆற்றங்கரையில் ரந்தாவ் பாஞ்சாங் என்னுமிடத்தில் ரப்பர்த் தோட்டம் அமைத்தார். பாசிர் பெனம்பாங்கில் மீன்பிடிப் படகுகள் நிற்கின்றனவே, அதே ஆறுதான்.

அந்நாளில் பெல்ஜிய நாட்டவரான அட்ரியன் ஹாலே சுமத்திராவில் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார். அங்கிருந்து 1911, 1912 ஆண்டுகளில் வந்த விதைகள் ரந்தாவ் பாஞ்சாங்கில் முளைத்தன. அவற்றின் வழிவந்த கன்றுகள், காப்பி சரிவர விளையாத தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் நடப்பட்டன. இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் உள்ளது அத்தோட்டம். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுவே. பெயரைக் கவனித்தீர்களா? ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில், பிரெஞ்சுக்காரர் செம்பனை நட்ட தோட்டத்திற்கு நம் தமிழ்ப் பெயர்!

ஃபொக்கோன்யே பின்னர் இந்நாட்டு வாழ்க்கையை வைத்து 'மலேசி' என்னும் நாவலை எழுதினார். 1930-இல் பிரான்சின் உயரிய கொங்கூர் பரிசு அதற்குக் கிடைத்தது. தோட்டத்துத் தமிழர்களும் அக்கதையில் வருகிறார்கள்.

திராட்சையை ஆண்டுக்கு ஒருமுறை பறிப்பார்கள். செம்பனையோ ஆண்டு முழுதும் குலை தள்ளும். ஆயினும் வானிலையை அதுவும் மறப்பதில்லை. கடும் வறட்சி வந்தால் குலை குறைவது ஓரிரு ஆண்டுகள் கழித்தே தெரியும். வெட்டிய குலையை 24 மணி நேரத்திற்குள் ஆலையில் சேர்த்துவிட வேண்டும். தாமதித்தால் எண்ணெயின் தரம் கெடும்.

1981-க்கு முன்பு பல தோட்டங்களில் மகரந்தத்தைக் கையால் தூவும் வேலை இருந்தது. பெரும்பாலும் பெண்களே அதைச் செய்தனர். முள்ளுக்கு நடுவே பூவைத் தேடி, பாளை பாளையாகத் தூவிச் சென்றார்கள். அவ்வாண்டு ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து கொண்டுவந்த சிறு வண்டுகளைத் தோட்டங்களில் விட்டார்கள். அதன்பின் அவ்வேலையை வண்டுகளே பார்த்துக்கொண்டன. இன்று நம் பாட்டிமார் சிலருக்கு மட்டுமே அந்த வேலை நினைவிருக்கும்.

2024-இல் மலேசியா ஏறத்தாழ 1 கோடியே 93 லட்சம் டன் கச்சாச் செம்பனை எண்ணெய் எடுத்தது. அதில் எந்தத் துளி எந்தத் தோட்டத்துக் குலையிலிருந்து வந்தது என்று கடையில் வாங்கும் போத்தல் சொல்லாது. ஆலைக்குள் போனதும் பல தோட்டத்து எண்ணெயும் ஒன்றாகிவிடுகிறது. திராட்சைத் தோட்டத்திற்குக் கிடைத்த பெயர்ச்சீட்டு நம் தோட்டத்திற்குக் கிடைக்கவில்லை.

மரத்திற்கு நேர்ந்தது மனிதருக்கும் நேர்ந்தது. முதல் கன்றுகளை யார் தருவித்தார் என்பதை வரலாற்று நூல்கள் சொல்கின்றன. குழி வெட்டியவர், கன்று சுமந்தவர், களை பிடுங்கியவர் பெயர்களை அவை சொல்வதில்லை. தோட்டங்கள் கைமாறின, லயங்கள் பல இடிக்கப்பட்டன, குடும்பங்கள் பட்டணம் போயின. செம்பனையும் ஏறத்தாழ 25 ஆண்டில் சாய்க்கப்பட்டு மறுநடவு காண்கிறது. சொல்வாரில்லாவிட்டால் எல்லாம் மறைந்துவிடும் அல்லவா?

ஆகவே பெரியோர்களே, பிள்ளைகளே, ஓர் எளிய வேலை செய்யுங்கள். வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, தாத்தா பாட்டி பெயர், வந்த ஊர், வேலை செய்த தோட்டம், டிவிசன், ஆண்டு, செய்த வேலை ஆகியவற்றை எழுதிவையுங்கள். பழைய சம்பளச் சீட்டையும் படத்தையும் அதனுடன் பத்திரப்படுத்துங்கள். புட்டியின்மேல் ஒட்டிய சிறு தாள் ஒரு தோட்டத்தின் புகழைத் தலைமுறைகள் தாண்டிக் காக்கிறது. உங்கள் நோட்டுப் புத்தகம் ஒரு குடும்பத்தின் உழைப்பைக் காக்கும்.