ஹோஷங்காபாத்தின் விஞ்ஞான உபாத்தியாயர்கள்

நர்மதை நதியின் தென்கரையில், மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஹோஷங்காபாத் ஜில்லாவில் 1972ஆம் ஆண்டு தொடங்கி 30 வருஷம் நடந்த கல்விப் பிரயத்தனம், நம் தேசத்தில் உபாத்தியாயர் பயிற்சியின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் எவரும் விட்டுவிட முடியாத அத்தியாயமாகும். கிஷோர் பாரதி என்ற தொண்டு ஸ்தாபனமும், ரசூலியாவில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நிறுவிய கிராம மையமும் சேர்ந்து, மாநில சர்க்காரின் அனுமதி பெற்று, 16 நடுநிலைப் பள்ளிகளில் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளின் விஞ்ஞானத்தைப் பரிசோதனை வழியாகவே போதிக்க முற்பட்டன.

அதுவரை கிராமத்துப் பள்ளிகளில் விஞ்ஞானம் என்பது பாடபுத்தகத்தை உரக்க வாசித்து, வினாவிடைகளை நெட்டுருப் போடுவதாகவே இருந்தது. போதித்தவர்களும் அவ்வாறே பயின்று வந்தவர்களாதலால், மாணாக்கரை மாற்றுமுன் உபாத்தியாயருக்கே பரிசோதனையின் ருசியைக் காட்டவேண்டும் என்பதைத் திட்டத்தை வகுத்தவர்கள் முதலிலேயே உணர்ந்தார்கள்.

கோடை விடுமுறைப் பயிற்சி முகாமே இத்திட்டத்தின் உயிர்நாடி. டில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகளும் அங்கே வந்தது பிரசங்கம் செய்வதற்கன்று. பள்ளி திறந்தபின் பிள்ளைகள் செய்யவிருந்த பரிசோதனைகளை உபாத்தியாயர்கள் சிறு சிறு குழுக்களாக அமர்ந்து தம் கையாலேயே செய்ய, எழும் ஐயங்களுக்கு விடையைச் சொல்லிவிடாமல் மேலும் வினவி, சிந்தனையைத் தூண்டுவதற்கே வந்தார்கள். ஒரே நீளத்தைப் பலர் அளந்து, கிடைத்த எண்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் அவை சிறிதளவேனும் வேறுபடும்; எது சரி என்ற வாதம் மூளும்; அந்த வாதத்தின் முடிவில், எந்த அளவீட்டிலும் ஏற்ற இறக்கம் இயல்பே என்னும் உண்மை அவரவர் அனுபவமாகவே விளங்கும். உபகரணங்களும் எளியவையே: பூவைப் பிரித்துப் பார்க்க உலோக ஊசி வேண்டியதில்லை, வேலியோரத்துக் கருவேல முள்ளே போதும். தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வு டியூபின் துண்டுகளையும் இணைத்து முக்கோணமும் சதுரமும் அமைக்கும் வழியை 1978இல் அங்கே வந்திருந்த அரவிந்த் குப்தா என்ற இன்ஜினீயர் கண்டார்.

முகாம் கலைந்ததும் பயிற்சி முடிந்துவிடவில்லை. மாதந்தோறும் உபாத்தியாயர்கள் கூடி, வகுப்பில் எந்தப் பரிசோதனை தவறிற்று, பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று விவாதித்தார்கள். அவர்களுடைய அபிப்பிராயங்களைக் கொண்டே ‘பால வைஞானிக்’ என்ற பாடநூல்கள் திருத்தப்பட்டன. அனுபவம் முதிர்ந்த உபாத்தியாயர்கள் மற்றவர்களுக்குப் பயிற்சி அளிப்பவர்களாகவும் உயர்ந்தார்கள். பரீட்சையும் மாறியது: மாணாக்கர் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதினார்கள், செய்முறைப் பரீட்சையும் இருந்தது.

1978இல் ஜில்லா முழுவதற்கும் விரிந்த திட்டத்தை, 1982இல் தோன்றிய ஏகலவ்யா ஸ்தாபனம் ஏற்று வேறு ஜில்லாக்களுக்கும் கொண்டு சென்றது. 2002இல் மாநில சர்க்கார் அதை நிறுத்திவிட்டது.

நிறுத்தப்பட்டதனால் அதன் படிப்பினை பொய்யாகிவிடாது. தெரியாததைத் தெரியாது என்று வகுப்பின் முன் சொல்லி, பிள்ளைகளோடு சேர்ந்து விடை தேடும் துணிவு சுற்றறிக்கையினால் வருவதன்று. தம் கையால் செய்து பார்த்த பழக்கத்தினாலும், சக உபாத்தியாயரின் இடைவிடாத துணையினாலுமே அது வரும். உபாத்தியாயர் பயிற்சிக்குப் பொறுப்பேற்றிருப்போர், சில நாள் சொற்பொழிவோடு கடமை தீர்ந்ததென்று கருதாமல், ஹோஷங்காபாத் காட்டிய இவ்வழியை மீண்டும் கைக்கொள்ள வேண்டும்.