உலக முஸ்லிம் மக்கள்தொகைப் பரவல்

2020ஆம் ஆண்டளவில் உலகில் ஏறத்தாழ 200 கோடி முஸ்லிம்கள் இருந்தனர். உலக மக்கள்தொகையில் இது நான்கில் ஒரு பங்கு; கிறித்தவர்களுக்கு அடுத்த பெரிய சமயச் சமூகம் இவர்களே. இஸ்லாம் அரபு மண்ணில் தோன்றியது, திருக்குர்ஆன் அரபு மொழியில் உள்ளது என்பதால் முஸ்லிம்கள் என்றாலே அரபியர் என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது சரியன்று. ஈரான், துருக்கி நீங்கலாக, மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் வாழ்வோர் மொத்த முஸ்லிம்களில் ஐந்தில் ஒரு பங்கினரே.

இந்தோனேசியா, பாகிஸ்தான், இந்தியா, வங்காளதேசம் ஆகிய நான்கு நாடுகளில் மட்டும் உலக முஸ்லிம்களில் ஐந்தில் இரண்டு பங்கினர் வாழ்கின்றனர். இந்தோனேசியாவில் ஏறத்தாழ 24 கோடிப் பேர். பாகிஸ்தான் அதை நெருங்கிவிட்டது. இந்தியாவின் நிலை தனித்தன்மை கொண்டது. 2011 கணக்கெடுப்பின்படி இங்கு முஸ்லிம்கள் 14.2 விழுக்காட்டினர்தான், ஆயினும் எண்ணிக்கை 17.2 கோடி. எந்த அரபு நாட்டின் மக்கள்தொகையும் இந்த அளவை எட்டியதில்லை.

தென்கிழக்கு ஆசியாவில் இஸ்லாம் பெரும்பாலும் படையெடுப்பால் பரவவில்லை. கடல் வணிகரும் சூஃபி ஞானிகளும் அதைக் கொண்டுசென்றனர். குஜராத்தியரோடும் அரபியரோடும் சோழமண்டலக் கரையின் தமிழ் முஸ்லிம் வணிகருக்கும் இதில் பங்குண்டு. சூஃபி ஞானியான நாகூர் ஆண்டவரின் நினைவாகத் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய தர்காக்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இன்றும் நிற்கின்றன. சகாரா பாலைவனத்தைக் கடந்த ஒட்டக வணிகம் மேற்கு ஆப்பிரிக்காவில் இதே பணியைச் செய்தது. அங்குள்ள நைஜீரியாவில் இப்போது 10 கோடிக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் உள்ளனர்.

பெரும்பாலான முஸ்லிம்கள் சுன்னி பிரிவினர். ஷியாக்கள் ஏறத்தாழ 10 முதல் 13 விழுக்காட்டினர். ஈரான், ஈராக், அஜர்பைஜான், பஹ்ரைன் நாடுகளில் அவர்களே பெரும்பான்மையினர்.

ஐரோப்பாவில் அல்பேனியா, கொசோவோ, போஸ்னியா ஆகிய இடங்களின் முஸ்லிம்கள் உதுமானியர் ஆட்சிக்காலம் முதல் வாழ்ந்துவரும் மண்ணின் மக்கள். பிரான்சு, ஜெர்மனி, பிரித்தானியாவில் உள்ளோரில் பெரும்பாலோர் இரண்டாம் உலகப் போருக்குப் பின் குடியேறியவர்களும் அவர்களின் வழித்தோன்றல்களும் ஆவர். தென் அமெரிக்காவின் சுரினாம், கயானா நாடுகளுக்கு இந்தியாவிலிருந்தும், சுரினாமுக்கு ஜாவாவிலிருந்தும் சென்ற ஒப்பந்தக் கூலிகள் இஸ்லாத்தை அங்கு வேரூன்றச் செய்தனர்.

மற்றப் பெரிய சமயத்தவரைவிட முஸ்லிம்களின் எண்ணிக்கை விரைவாக உயர்கிறது. இளம் வயதினர் மிகுந்திருப்பதும் பிறப்பு விகிதமும் இதற்கு முதன்மைக் காரணங்கள். மதமாற்றத்தின் பங்கு சிறிது. இவ்வெண்கள் பலவும் மதிப்பீடுகளே. பிரான்சின் கணக்கெடுப்பில் சமயம் கேட்கப்படுவதில்லை. நைஜீரியாவின் 2006 கணக்கெடுப்பிலும் அக்கேள்வி இடம்பெறவில்லை.