திருவண்ணாமலை வட்டாரத்தில் பேறுகால முதுகுவலி: ஓய்வின் வரலாறு குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

தமிழகத் தாய்மைநல வரலாறு பெரும்பாலும் உயிரிழப்பையும் அதன் குறைவையும் அளவுகோலாகக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. கருவுற்ற காலத்தில் தோன்றிக் குழந்தை வளரும் காலம் வரை நீளும் முதுகுவலி உயிரைப் பறிப்பதில்லை. ஆகவே அவ்வரலாற்றில் அதற்கு இடம் அமையவில்லை. இவ்வலிக்குச் சமூகம் அளித்த முதன்மை மருந்து ஓய்வு என்பதையும், அவ்வோய்வு அனைத்துப் பெண்களுக்கும் ஒரே அளவில் கிட்டவில்லை என்பதையும் திருவண்ணாமலை வட்டாரத்தை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பேறுகாலம், முதுகுவலி, ஓய்வு, மருத்துவச்சி, மகப்பேற்று உதவி, திருவண்ணாமலை.

முன்னுரை

திருவண்ணாமலையில் கோயில் கொண்டுள்ள அம்மனின் பெயர் உண்ணாமுலை. வடமொழியில் அபீதகுசாம்பாள் என வழங்கும் இத்தாய்த்தெய்வத்தின் பெயரே பாலூட்டும் உடலைக் குறிப்பிட்டு, அதே வேளையில் அதனை விலக்கியும் நிற்கிறது. இவ்வூரின் மரபில் பிள்ளைப்பேறு பெருமதிப்புடையது. போசள மன்னர் மூன்றாம் வல்லாளர் 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டிருந்தார். பிள்ளையில்லாத அவருக்கு அண்ணாமலையாரே மகவாக வந்தார் என்பது தலமரபு. இறைவன் மகன்முறையில் அவருக்கு ஈமக்கடன் ஆற்றும் சடங்கு ஆண்டுதோறும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் நடைபெறுகிறது. நேர்ந்துகொண்டு பிள்ளை பெற்றவர்கள் கரும்பில் சேலையைத் தொட்டிலாகக் கட்டிக் குழந்தையைக் கிடத்தி, இருவர் தோளில் சுமந்து மாடவீதிகளை வலம் வருவதும் இத்தலத்தின் தனித்த நேர்த்திக்கடனாகும்.

இவ்வழக்காறுகள் பிள்ளை கிட்டியதைக் கொண்டாடுகின்றன. பிள்ளையைப் பத்துமாதம் சுமந்த உடலின் நலிவு குறித்து அவை பேசுவதில்லை. இந்த மௌனம் சடங்கிற்கு மட்டும் உரியதன்று. மொழி, மருத்துவம், சட்டம் ஆகியவற்றிலும் அது தொடர்வதைக் காணலாம்.

சொல்லும் வலியும்

தமிழில் ‘இடுப்புவலி’ என்பது கருவுற்ற பெண்ணைப் பற்றிய பேச்சில் பேறுகால நோவையே குறிக்கும். ‘இடுப்புவலி எடுத்துவிட்டது’ என்றால் வீட்டார் வண்டி தேடுவர். அச்சொல் ஒரு நிகழ்வின் அறிவிப்பாகிவிட்டதால், ஐந்தாம் மாதம் தொடங்கி நாள்தோறும் இருக்கும் வலிக்கெனத் தனிச்சொல் நிலைபெறவில்லை. ‘இடுப்பு ஒடிகிறது’, ‘இடுப்பு கழன்று விழுகிறது’ என்பன போன்ற தொடர்களே வழங்குகின்றன. இவை நோயின் பெயர்களாக அமையாமல் புலம்பலாகவே கொள்ளப்படுகின்றன. பேறு கழிந்த தாயை ‘பச்சை உடம்புக்காரி’ என்பது மட்டும் அவ்வுடல் ஆறாத நிலையில் உள்ளது என்பதை வெளிப்படையாக ஏற்கும் வழக்காகும்.

இவ்வலிக்கு உடற்கூற்றியல் அடிப்படை உண்டு. கரு வளர வளர உடலின் எடைமையம் முன்னோக்கி நகர்கிறது. அதனை ஈடுசெய்ய இடுப்புப் பகுதி முதுகெலும்பு கூடுதலாக வளைகிறது. வயிற்றுத் தசைகள் நீண்டு தளர்கின்றன. சுரப்புநீர் மாற்றங்கள் இடுப்பெலும்பு இணைப்புகளை நெகிழ்த்துகின்றன. 2007இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த காத்தரின் விட்காம் குழுவினரின் ஆய்வு, பெண்களின் இடுப்பு வளைவு மூன்று முள்ளெலும்புகளிலும் ஆண்களின் வளைவு இரண்டிலும் பரவியுள்ளது எனக் காட்டி, இருகால் நடையோடு கருவைச் சுமப்பதற்கான படிமலர்ச்சித் தகவமைப்பாக அதனை விளக்கியது. ஆயினும் அத்தகவமைப்பு வலியை முழுதும் நீக்கவில்லை. உலக அளவில் கருவுற்ற பெண்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் முதுகுவலியையோ இடுப்பெலும்பு வலியையோ தெரிவிக்கின்றனர். பலருக்குப் பேற்றுக்குப் பின் சில மாதங்களில் அது தணிகிறது. ஒரு பகுதியினருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது.

வீட்டு மருத்துவமும் ஓய்வும்

மருத்துவமனைக்கு முந்தைய காலத்தில் இவ்வலிக்கான ஏற்பாடுகள் மருத்துவச்சியிடமும் தாய்வீட்டிலும் இருந்தன. ஏழாம் மாதத்தில் அல்லது ஒன்பதாம் மாதத்தில் வளைகாப்பிட்டுப் பெண்ணைப் பிறந்தகத்திற்கு அழைத்துவரும் வழக்கம், மாமியார் வீட்டு வேலைகளிலிருந்து அவளை விலக்கும் சமூக ஒப்பந்தமாகவும் செயற்பட்டது. பேற்றுக்குப் பின் எண்ணெய் தேய்த்தல், நொச்சித்தழை இட்டுக் காய்ச்சிய வெந்நீரை இடுப்பில் ஊற்றுதல், பழஞ்சேலையால் வயிற்றை இறுகக் கட்டுதல், சுக்கும் மிளகும் சேர்ந்த லேகியம் கொடுத்தல் ஆகியன தொடர்ந்தன. தீட்டு எனும் விலக்கு, தாயைச் சமையலறையிலிருந்தும் கிணற்றடியிலிருந்தும் தள்ளிவைத்தது. இழிவின் பெயரால் விதிக்கப்பட்ட அவ்விலக்கே நடைமுறையில் குனிந்து நிமிரும் வேலைகளுக்கு விடுப்பாகவும் அமைந்தது என்பது கருதத்தக்கது.

எனினும் இவ்வேற்பாடுகள் உழைக்கும் ஒரு கையை இழக்கத் தாங்கும் குடும்பங்களுக்கே முழுமையாக வாய்த்தன. திருவண்ணாமலை வட்டாரம் ஏரிப்பாசன நெல்லும் மானாவாரி நிலக்கடலையும் விளையும் நிலம். நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்களின் வேலைகள். இரண்டும் இடுப்பை மடித்து மணிக்கணக்கில் செய்யப்படுபவை. வந்தவாசிப் பகுதியின் கோரைப்பாய் நெசவும், கோயில் நகரில் தரையில் அமர்ந்து பூக்கட்டுதலும் முதுகை நம்பிய தொழில்களே. நாட்கூலியை நம்பிய குடும்பத்தில் நடவுப் பருவமும் பேறுகாலமும் ஒன்றாக வரும்போது, பச்சை உடம்பு என்னும் சலுகை சுருங்குவது இயல்பு. ஆகவே வீட்டு மருத்துவத்தை ‘மரபறிவு’ எனப் பொதுவாகப் போற்றுவது போதாது. அம்மரபின் முதன்மை மருந்தான ஓய்வு யாருக்குக் கிட்டியது என்னும் வினாவையும் அதனுடன் எழுப்புதல் வேண்டும்.

நிறுவன மருத்துவத்தின் நோக்கு

தென்னிந்தியாவில் நிறுவன மருத்துவம் தொன்மையானது. வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையைக் குறிக்கிறது. அங்கு மருத்துவர், அறுவை செய்வோர், பணிப்பெண்டிர் ஆகியோர் இருந்தனர். ஆந்திரப் பகுதியின் 1261ஆம் ஆண்டு மல்காபுரம் கல்வெட்டு மகப்பேற்றுச் சாலையைத் தனியே சுட்டுகிறது. பேறு தனிக்கவனத்திற்குரியது என்னும் எண்ணம் காலனியக் காலத்தில் புதிதாகத் தோன்றியதன்று என்பதற்கு இது சான்றாகும்.

புதிய கட்டம் 1844இல் சென்னையில் மகப்பேறு மருத்துவமனை தொடங்கப்பட்டதோடு அமைந்தது. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது. 1885இல் டஃபரின் நிதியமும், சென்னையில் கோஷாப் பெண்களுக்கான விக்டோரியா மருத்துவமனையும் தோன்றின. திருவண்ணாமலைக்குக் கிழக்கே உள்ள திண்டிவனத்தில், 1890களில், ஆண் மருத்துவரை ஏற்க இயலாத குடும்பங்களில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பேறுகாலத்தில் இறந்ததே தம்மை மருத்துவம் பயிலத் தூண்டியது என ஐடா ஸ்கடர் கூறியுள்ளார். 1900இல் மருத்துவராகத் திரும்பிய அவர் 1902இல் வேலூரில் மருத்துவமனையையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். 1926ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்தில் செவிலியரையும் மருத்துவச்சிகளையும் பதிவுக்கு உட்படுத்தியது. 1930களில் சென்னை நகரத் தாய்மார் இறப்பின் காரணங்களை ஆ. இலட்சுமணசாமி முதலியார் ஆராய்ந்தார்.

இம்முயற்சிகள் அனைத்தையும் இணைப்பது மரணத்தைத் தடுக்கும் நோக்கமாகும். அக்காலச் சூழலில் அதுவே நேரிய முன்னுரிமை. ஆனால் பயிற்சி பெறாத மருத்துவச்சியை விலக்கிய அம்மாற்றம், பேற்றுக்குப் பின் பல நாட்கள் வீட்டிற்கு வந்து தாயின் இடுப்பைத் தேய்த்துவிட்ட கைகளையும் உடன் விலக்கியது. அவ்விடத்தை நிரப்பும் பணி எவருக்கும் ஒதுக்கப்படவில்லை.

சட்டமும் கூலியும்

ஓய்வை உரிமையாக்கும் முயற்சி தொழிற்சாலையில் தொடங்கியது. 1919இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு பேற்றுக்கு முன் 6 வாரமும் பின் 6 வாரமும் விடுப்பு வழங்கும் உடன்படிக்கையை நிறைவேற்றியது. பம்பாய் மாகாணத்தில் 1929ஆம் ஆண்டிலும் சென்னை மாகாணத்தில் 1934ஆம் ஆண்டிலும் மகப்பேற்றுப் பயன் சட்டங்கள் அமைந்தன. 1961ஆம் ஆண்டு நடுவணரசுச் சட்டம் 12 வார விடுப்பை உறுதி செய்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதலிரு குழந்தைகளுக்கு அதனை 26 வாரங்களாக உயர்த்தியது. இச்சட்டங்களின் எல்லை ஆலை, சுரங்கம், தோட்டம், கடை ஆகியவற்றோடு நின்றது. நடவு வயலில் நின்ற திருவண்ணாமலைப் பெண் அதற்குப் புறத்தே இருந்தாள்.

இந்த இடைவெளியை முதன்முதலில் தொட்டது 1987இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டமாகும். ஏழைப் பெண்களின் கூலியிழப்பை ஈடுசெய்தலும் ஊட்டம் அளித்தலும் அதன் நோக்கங்கள். 300 ரூபாயில் தொடங்கிய உதவி 2006இல் 6,000 ரூபாயாகவும், 2011இல் 12,000 ரூபாயாகவும், பின்னர் 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. தவணைகள் கருப்பதிவு, மருத்துவமனைப் பேறு, குழந்தைக்குத் தடுப்பூசி ஆகியவற்றோடு பிணைக்கப்பட்டன. மருத்துவ வருகையை இத்திட்டம் வலுப்படுத்தியது. ஆனால் கூலியிழப்பு என்னும் தொடக்கச் சொல்லில் அடங்கியிருந்த ஓய்வு, நிபந்தனைகளின் நடுவே பின்னுக்குச் சென்றது.

இன்றைய நிலை

தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டிற்கும் மேற்பட்ட பேறுகள் மருத்துவமனைகளில் நிகழ்கின்றன. 2018–20 கணக்கெடுப்பின்படி ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்குத் தாய்மார் இறப்பு 54. 1989இல் திருவண்ணாமலையை உள்ளடக்கிய தனி மாவட்டம் உருவானது; நகரில் அரசு மருத்துவக் கல்லூரியும் அமைந்தது. தாய்சேய் நல அட்டையில் எடை, இரத்த அழுத்தம், குருதிச்சத்து, கருவின் இதயத்துடிப்பு ஆகியன முதன்மை பெறுகின்றன. இவை யாவும் அபாயத்தை முன்னறிவிப்பவை. வலியின் அளவை அறிவிப்பவையல்ல.

இதன் விளைவு மக்கள் வழக்கில் வேறொரு வடிவில் வெளிப்படுகிறது. ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பேறுகளில் 44.9 விழுக்காடு அறுவை வழிப்பட்டவை. அதனோடு ‘முதுகில் போட்ட ஊசியால்தான் இந்த வலி’ என்னும் நம்பிக்கை பரவலாகியுள்ளது. ஊசி செலுத்திய இடத்தில் சில நாட்கள் நோவு இருக்கலாம்; ஆனால் பேற்றுவலியைத் தணிக்க முதுகில் மருந்து பெற்றோரையும் பெறாதோரையும் ஒப்பிட்ட ஆய்வுகள், நீடித்த முதுகுவலிக்கும் அதற்கும் தொடர்பைக் காட்டவில்லை. தளர்ந்த வயிற்றுத்தசை, குனிந்தபடி பாலூட்டல், போதிய உறக்கமின்மை, விரைவில் மீண்ட சுமைவேலை ஆகியனவே பெரும்பாலும் காரணங்கள். எனினும் இந்நம்பிக்கையை அறியாமை என்று ஒதுக்குதல் பொருந்தாது. தன் வலியைக் கேட்டறியாத நிறுவனத்தைப் பற்றித் தாய் எழுப்பும் முறையீடாகவும் அது அமைகிறது.

தீர்வுகள் அரியவை அல்ல. 2015இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு, கருவுற்ற காலத்தில் முறையான உடற்பயிற்சி இடுப்புப் பகுதி முதுகுவலியைக் குறைக்கக்கூடும் எனக் கண்டது. முழங்கால்களிடையே தலையணை வைத்துப் பக்கவாட்டில் படுத்தல், குழந்தையை மார்பளவுக்கு உயர்த்திப் பாலூட்டல், இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடித்துச் சுமை எடுத்தல் ஆகியன செலவற்றவை. காலில் வலுவிழப்பு, தொடையிடையே உணர்விழப்பு, சிறுநீர் கட்டுப்பாடின்மை, காய்ச்சல், உதிரப்போக்கு ஆகியவற்றோடு வரும் வலி மட்டும் உடனடி மருத்துவத்திற்குரியது. தமிழ்நாட்டரசின் சித்த மருத்துவ மகப்பேறு சஞ்சீவிப் பெட்டகத்தில் வெளிப்பூச்சுத் தைலங்கள் இடம்பெற்றமை, வீட்டு மருத்துவத்தின் ஒரு கூறு அரசு வழியாக மீண்டதைக் காட்டுகிறது. தைலத்தைத் தேய்க்கும் கையும், தேய்த்துக்கொண்டு கிடக்கும் நேரமும் பெட்டகத்தில் அடங்கா.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று செய்திகள் புலனாகின்றன. ஒன்று, பேறுகால முதுகுவலிக்கு மரபு அளித்த மருந்துகளுள் வலிமையானது ஓய்வே. அது குடும்பத்தின் பொருள்நிலையைச் சார்ந்து நின்றது. இரண்டு, நவீன மருத்துவம் உயிரைக் காத்தது. ஆனால் மருத்துவச்சியின் பிற்காலப் பராமரிப்புக்கு மாற்று அமைக்கவில்லை. மூன்று, ஓய்வை உரிமையாக்கிய சட்டங்கள் வேளாண் பெண்களை எட்டவில்லை. எட்டிய திட்டம் ஓய்வை நிபந்தனையாக்கவில்லை.

2021இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறை மருத்துவரை நோயாளியின் வீட்டு வாசலுக்குக் கொண்டுசென்றது. நாட்பட்ட நோயாளர்க்கென அமைந்த அவ்வழியைப் பச்சை உடம்புக்காரிக்கும் திறந்துவிடுவது இயலாததன்று. அதற்கு முதற்படியாகத் தாய்சேய் நல அட்டையில் வலியைக் கேட்டெழுத ஒரு கட்டம் வேண்டும். பதிவாகாத வலிக்கு மருந்தும் அமைவதில்லை, வரலாறும் எழுதப்படுவதில்லை.