ஓக்: ஒரு தண்ணீர்ச் சொல்லின் தடம்

பப்புவா நியூகினியின் மேற்கு எல்லையில், நட்சத்திர மலைகள் எனப்படும் பகுதியில், ஆற்றுப் பெயர்கள் ஒன்றுபோலத் தொடங்குகின்றன: ஓக் தெடி, ஓக் மா, ஓக் மானி. எல்லைக்கு அப்பால், இந்தோனேசியப் பக்கத்தில், ஓக்சிபில் என்று ஓர் ஊரே உண்டு. ரோமன் எழுத்தில் பார்ப்பவர் ‘ஓகே’ என்று வாசித்துவிடலாம். ஓக் என்றால் தண்ணீர்; ஆறும் அதுவே.

1876இல் ஃபிளை ஆற்றில் நீராவிப் படகில் ஏறிப்போன இத்தாலியர் டி’ஆல்பெர்ட்டிஸ், அதன் துணையாறான ஓக் தெடிக்கு ‘ஆலிஸ்’ என்று பெயர் வைத்தார். அது நிலைக்கவில்லை. தெலெஃபோல், ஃபைவோல், தாழ்நிலத்து யோங்கோம் என்று அங்குள்ள மொழிகள் பலவற்றிலும் தண்ணீருக்கு இதே சொல் வழங்கியதால், மொழிக்குடும்பத்துக்கே ‘ஓக்’ என்று பெயராயிற்று. மொழியியலாளர் ஆலன் ஹீலி 1964இல் அவற்றின் பொதுத் தாய்மொழியை மீட்டமைக்க முயன்றார்.

ஓக் மொழிகளைப் பப்புவ மொழிகளில் சேர்ப்பார்கள். ஆனால் ‘பப்புவ மொழிகள்’ என்பது ஒரு குடும்பத்தின் பெயரன்று. நியூகினிப் பகுதி மொழிகளில் ஆஸ்திரோனேசியம் அல்லாதவற்றைப் போட்டுவைத்த பொதுக்கூடை. அதற்குள்ளிருந்து 1970இல் மெக்எல்ஹானனும் ஃபூர்ஹூவேயும் ‘டிரான்ஸ் நியூகினி’ என்ற பெருங்குடும்பத்தை முன்வைத்தார்கள். ஓக் மொழிகள் அதன் ஒரு கிளை. எழுத்துச் சான்று எதுவுமில்லாத அந்த மூதாதை மொழிக்கு ஆண்ட்ரூ பாலி ஏறத்தாழ 200 சொற்களை மீட்டுத் தந்தார். அவற்றில் தண்ணீரும் ஒன்று. ‘ஓக்’ என்று எழுதி, முன்னால் உடுக்குறி இட்டு, இறுதியில் இன்னதென்று தெரியாத ஓர் உயிரை அடைப்புக்குள் வைத்திருக்கிறார். அந்த அடைப்புக்குறியின் நேர்மை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் இத்தனை குறுகிய சொல் தற்செயலாகவும் ஒத்துப்போகும். அதனால்தான் மொழிகளின் உறவைக் காட்ட மால்கம் ராஸ் பிரதிப்பெயர்களை நம்பினார்: தன்மைக்கு ‘ந’, முன்னிலைக்கு ‘ங்க’. தனிச்சொல் ஒத்துப்போகலாம், ஒரு தொகுதியே ஒத்துப்போவது அரிது. ‘ந’ என்றதும் நம் ‘நான்’ நினைவுக்கு வரும். வேண்டாம்: சங்க நூல்களில் பெருவழக்கு ‘யான்’தான். பின்னோக்கிப் போகப்போக அந்த ஒப்புமை கரைந்துவிடுகிறது.

இனி அந்த ஆறு. 1984இல் ஓக் தெடியின் தலைப்பகுதியில் தங்கம் எடுக்கத் தொடங்கினார்கள், பின்னர் செம்பும். சுரங்கக் கழிவைத் தேக்க ஓக் மாவில் கட்டிக்கொண்டிருந்த அணை அதே ஆண்டு மண்சரிவில் போயிற்று. மறுபடி கட்டவில்லை, கழிவு நேரே ஆற்றில் இறங்கியது. படுகை மேடேறி, வெள்ளம் கரையேறி, காடும் தோட்டமும் பட்டுப்போயின. கீழே வாழ்ந்த யோங்கோம் மக்கள், ஆற்றை ஓக் என்றே சொல்பவர்கள், 1994இல் சுரங்கத்தின் முதன்மைப் பங்குதாரரான ஆஸ்திரேலிய பி.எச்.பி. நிறுவனத்தின்மேல் மெல்போர்ன் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். 1996இல் சமரசம் ஆயிற்று. 2002இல் பி.எச்.பி. விலகிக்கொண்டது, சுரங்கம் தொடர்ந்தது. அதை நடத்தும் நிறுவனத்தின் பெயர் ஓக் தெடி மைனிங் லிமிடெட்.